ஸ்பீக்கரில் அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான் ஒரு புதுக் கேபிளைக் காட்டினார். கட்டைவிரல் பருமன், பின்னல் உறை, தங்க நிற முனைகள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். “ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு மாப்ள. கடையில கேட்டா, டிஜிட்டல் கேபிள் மட்டமா இருந்தா அப்படித்தான் இரையும்னு சொல்லி இதைக் குடுத்தாங்க. மாட்டிப் பாத்துட்டேன். சத்தம் அப்படியே இருக்கு.”

இந்த ஏமாற்றத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கேபிள் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. விலை கூடிய கேபிள் போட்டால் பாட்டே புதிதாகக் கேட்கும் என்பது ஒரு கட்சி. டிஜிட்டல் என்றால் வெறும் ஒன்றும் பூஜ்யமும்தான், இரைச்சலுக்கு அங்கே இடமே கிடையாது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் அத்தானைப் போன்றவர்களின் காசு வீணாகிறது.

பார்த்துப் போடும் கோலம், எண்ணிப் போடும் கோலம்

எதிர்வீட்டு வாசலில் ஒரு புள்ளிக் கோலம் இருக்கிறது. அதை உங்கள் வாசலில் போட இரண்டு வழி உண்டு. கண்ணால் பார்த்து, கோடு எப்படி நெளிகிறதோ அப்படியே இழுக்கலாம். அந்தக் கோலத்தில் ஓரிடம் யாரோ மிதித்துக் கலைந்திருந்தால் அந்தக் கலைசலும் உங்கள் கோலத்தில் வந்துவிடும். உங்களைப் பார்த்து அடுத்த வீட்டில் போட்டால் கோணல் இன்னும் கூடும்.

இன்னொரு வழி, புள்ளியை எண்ணுவது. ஒன்பது புள்ளி, ஒன்பது வரிசை, இந்தப் புள்ளியைச் சுற்றி இப்படி ஒரு வளைவு என்று குறித்துக்கொண்டு வந்து போடுவது. கோடு லேசாகக் கலைந்திருந்தாலும் எண்ணிக்கை தெரிகிறவரை உங்கள் கோலம் பிசகில்லாமல் வரும். பத்து வீடு தாண்டினாலும் அதே கோலம்தான்.

முதல் வழி அனலாக்: ஒலி அலையின் வடிவத்தை அப்படியே மின்னழுத்தமாக அனுப்புவது. வழியில் ஒட்டிய அழுக்கும் சேர்ந்தே போகும். இரண்டாவது வழி டிஜிட்டல்: ஒலியை அளந்து எண்ணாக்கி, எண்ணை அனுப்புவது. ஒரு சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண். பிட் என்றால் ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். இடம், வலம் என இரண்டு சேனல்களுக்கும் சேர்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்.

சிடி பிளேயரிலிருந்து வரும் கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக உறை) இந்த பிட்டுகள் சுமார் அரை வோல்ட் ஏற்ற இறக்கமாகப் போகின்றன. வழியில் சில மில்லிவோல்ட் அழுக்கு ஒட்டினால் என்ன ஆகும்? எதுவும் ஆகாது. மறுமுனையில் இருக்கும் கருவி இது மேலா கீழா என்று மட்டும்தான் பார்க்கிறது. கோடு கொஞ்சம் தடித்திருந்தாலும் புள்ளிக் கணக்கு மாறாது.

அழுக்கு மிக அதிகமானால் கணக்கு தப்பும்தான். தப்பினால் ‘டப்’ என்று தெறிக்கும், விட்டுவிட்டுக் கேட்கும், ஒரேயடியாக நின்றும் போகும். “பேஸ் குறைஞ்சிடுச்சு”, “குரல் மங்கலா இருக்கு” என்கிற விதமாகத் தப்பாது. இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். பேஸைக் குறைப்பதென்றால் நொடிக்கு 44,100 எண்களையும் ஒரு கணக்குப்படி, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றியாக வேண்டும். கேபிளில் ஒட்டும் இரைச்சலுக்கு அப்படியொரு திட்டம் கிடையாது. அது கண்டபடிதான் அடிக்கும், அதனால் கண்டபடிதான் கெடுக்கும்.

இதுவரை பார்த்தது: எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் கேபிளின் விலை எண்ணை மாற்றாது. சேராவிட்டால் தெறிப்பும் அறுபடலும் கேட்கும். அத்தான் வீட்டு ‘ம்ம்ம்’ இந்த இரண்டிலும் சேராது.

எண் சரி, நேரம் சரியா?

“ஜிட்டர்னு ஒண்ணு இருக்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மிருதங்கக்காரர் சொற்கட்டைச் சரியாக வாசிக்கிறார், ஆனால் அடி விழும் இடம் அங்கங்கே ஒரு மயிரிழை முன்பின்னாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் சரியாக இருந்தும் அவற்றை ஒலியாக்கும் நேரம் இப்படி நடுங்குவதுதான் ஜிட்டர்.

எண்களை மீண்டும் ஒலி அலையாக மாற்றும் கருவிக்கு ‘டேக்’ என்று பெயர். கோஆக்சியல் வழியிலும், ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வழியிலும் டேக், வரும் சிக்னலிலிருந்தே தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதைச் சீராக்கிப் பயன்படுத்துகிறது. இப்போது வரும் யுஎஸ்பி டேக்குகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரின் தாளத்தை நம்புவதே இல்லை. தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வந்தாலும் சம்பில் ஊற்றிவிட்டுப் போகிறது. மேல்தொட்டியிலிருந்து குழாயில் வருவது சீராகத்தான் வருகிறது. அதேபோல இந்த டேக்குகள் எண்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, தங்களுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி வெளிவிடுகின்றன. ஒழுங்காக வடிவமைத்த டேக்கில் மீதமிருக்கும் நடுக்கம் வீட்டில் பாட்டுக் கேட்பவர் கவலைப்படும் அளவுக்கு இருக்காது. நான் இதற்காக ஒரு ரூபாய்கூடத் தனியாகச் செலவழிக்க மாட்டேன்.

இரைச்சல் நுழையும் வாசல்

பாட்டின் பயணத்தை ஒரு முறை வரிசையாகப் பார்த்துவிடலாம். செட்டாப் பாக்ஸோ லேப்டாப்போ எண்களை அனுப்புகிறது. டிஜிட்டல் கேபிள் அவற்றை டேக்கிடம் சேர்க்கிறது. டேக் அலையாக்குகிறது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் அனலாக் கேபிள் போகிறது. பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஆர்சிஏ கேபிள். ஆம்ப் அதைப் பெருக்கி, ஸ்பீக்கர் ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

டேக்கைத் தாண்டிய பிறகு எல்லாமே பார்த்துப் போடும் கோலம்தான். அங்கே ஒட்டும் அழுக்கு ஒட்டியதுதான். ஆம்ப் அதையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும்.

சரி, டிஜிட்டல் கேபிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. முதல் கட்சியும் இரண்டாம் கட்சியும் கோட்டை விடுவது இங்கேதான். கோஆக்சியல், யுஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள்களுக்குள் எண்கள் போகும் கம்பி மட்டும் இல்லை. இரண்டு கருவிகளின் உடம்பையும் ஒன்றோடொன்று இணைக்கும் உலோகமும் இருக்கிறது. எண்களுக்கு ஒன்றும் ஆகாமலே, அந்த உலோகத்தின் வழியாக வேண்டாத மின்னோட்டம் டேக்குக்குப் போய், அங்கிருந்து அனலாக் பக்கம் ஏறிவிடும். தபால்காரர் கடிதத்தைப் பத்திரமாகத்தான் கொடுத்தார், கூடவே அவர் காலில் ஒட்டியிருந்த சேறும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

எர்த் லூப்: இரண்டு தொட்டிகளும் ஒரு குழாயும்

மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. நீர்மட்டம் ஒன்றில் ஓர் அங்குலம் கூடுதல். தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு குழாய் போட்டு இணைத்தால் உயரத்திலிருந்து தாழ்வுக்கு நீர் ஓடத் தொடங்கும்.

எர்த் என்பதும் ஒரு மட்டம்தான். பூமியோடு இணைந்திருக்கும் இடமெல்லாம் சரியாகப் பூஜ்யம் வோல்ட் என்று நினைக்கிறோம். நடைமுறையில் ஓரிடத்து எர்த்துக்கும் இன்னோரிடத்து எர்த்துக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். இரண்டு கருவிகள் இரண்டு வேறு வழிகளில் எர்த் ஆகியிருக்கும்போது கேபிள் போட்டு அவற்றை இணைத்தால், அந்தக் கேபிளின் உறைக்கம்பி நம் தொட்டிக் குழாய் ஆகிவிடுகிறது. அதில் மின்னோட்டம் சுற்றி வருகிறது. இதுதான் எர்த் லூப்.

ஆர்சிஏ கேபிளில் உறைக்கம்பிதான் சிக்னலின் திரும்பும் வழியும். அதில் வேண்டாத மின்னோட்டம் ஓடினால் சிறு மின்னழுத்தம் உண்டாகி சிக்னலோடு கூடிவிடும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறுகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’ அந்த 50-ம், அதன் மடங்குகளான 100, 150-ம்தான். மென்மையான முனகலாக இருந்தால் 50 தூக்கலாக இருக்கிறது. ‘கொர்ர்’ என்று கரகரத்தால் மேல் மடங்குகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன.

சுருக்கமாக, முனகலுக்கு மின் இணைப்போடுதான் உறவு, டிஜிட்டல் எண்களோடு இல்லை. லூப் உலோகம் வழியாக ஓடுகிறது. கேபிளின் விலை கூடினாலும் அது உலோகம்தான்.

அக்கா வீட்டில் தேடிய விதம்

முதலில் எதையும் ஓடவிடாமல் ஆம்பின் வால்யூமை ஏற்றி இறக்கினோம். முனகலும் கூடிக் குறைந்தது. அப்படியானால் அது வால்யூம் குமிழுக்கு முன்னால், ஏதோ ஒரு இன்புட் வழியாக நுழைகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் அதே அளவு முனகினால் ஆம்புக்குள்ளேயே கோளாறு. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

அப்புறம் ஆம்பை அணைத்து, டேக்கிலிருந்து வரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்தோம். சத்தம் இல்லை. (கேபிளைக் கழற்றும்போதும் செருகும்போதும் ஆம்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் ‘டமார்’ ஸ்பீக்கரைக் கெடுக்கக்கூடும்.) ஆர்சிஏயைத் திரும்பச் செருகி, செட்டாப் பாக்ஸிலிருந்து டேக்குக்கு வந்த அந்தக் கட்டைவிரல் கேபிளைக் கழற்றினோம். சத்தம் இல்லை. “பாத்தியா, கேபிள்தான்!” என்றார் அத்தான். அதையும் திரும்பச் செருகிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் மாடியிலிருந்து வரும் டிடிஎச் ஒயரின் திருகைக் கழற்றினேன். கட்டைவிரல் கேபிள் இருந்த இடத்திலேயே இருக்க, முனகல் நின்றது.

டிஷ் மொட்டை மாடியில் இரும்புக் கிரில்லோடு கிளாம்ப் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. கிரில் சுவரோடும் மண்ணோடும் தொடர்புள்ளது. அது ஓர் எர்த். ஆம்பின் மூன்று பின் பிளக் வீட்டு எர்த்தோடு சேர்கிறது. அது இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே டிடிஎச் ஒயர், செட்டாப் பாக்ஸ், கோஆக்சியல் கேபிள், டேக், ஆர்சிஏ, ஆம்ப் என்று வரிசையாக ஒரே உலோகச் சங்கிலி. புதுக் கேபிள் பழைய கேபிளின் இடத்தில் அதே சங்கிலியின் இன்னொரு கண்ணியாக உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் மாற்றியும் பலனில்லை.

சங்கிலியை எங்கே அறுப்பது? டிடிஎச் ஒயரில் தடுப்பு போட எண்ணினால் ஒரு சிக்கல்: டிஷ்ஷின் முனையில் இருக்கும் கருவிக்கு அந்த ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது. அதைத் தடுத்தால் படமே வராது. அதனால் கோஆக்சியலை எடுத்துவிட்டு, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து டேக்குக்குச் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஆப்டிகல் கேபிள் போட்டோம். 1983-ல் தோஷிபா கொண்டுவந்த ஏற்பாடு இது. பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு ஒளி விட்டுவிட்டு மின்னி எண்களைக் கொண்டுபோகிறது. ஒளி போகும், மின்னோட்டம் போகாது. முனகல் அன்றோடு சரி.

எர்த் பின்னைத் தொடாதீர்கள்

லூப்பை அறுக்க இன்னொரு வழியும் பலருக்குத் தெரியும்: பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது, அல்லது மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரில் செருகுவது. சத்தம் நிற்கத்தான் செய்யும். ஆனால் எர்த் பின் நம் உயிருக்காக வைத்தது. ஆம்புக்குள் ஒரு ஒயர் கழன்று உலோக உடம்பைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி 230 வோல்ட்டோடு காத்திருக்கும், யாராவது தொடும்வரை. சிக்னல் போகும் பக்கத்தில் அறுங்கள், எர்த் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.

அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. டிவி, டேக், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் முனகல் பாதி குறையும். எர்த் மட்டங்கள் நெருங்கிவிடுவதால். ஆர்சிஏ பாதையில் போடும் ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்தான். உலோகத் தொடர்பில்லாமல் காந்தப்புலம் வழியாக சிக்னலைக் கடத்தும். மலிவானவற்றில் அடி பேஸ் கொஞ்சம் அடிபடும், ஆகவே ஆப்டிகல் முடியாத இடத்தில் மட்டும் அதைத் தேடுங்கள்.

எந்த இடத்துக்கு எந்தக் கேபிள்

ஆப்டிகல்: 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூர்மையாக மடக்காதீர்கள். புதுக் கேபிளின் முனையில் கண்ணாடி போல ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்துவிட்டு கேபிள் கெட்டுவிட்டதாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

கோஆக்சியல் டிஜிட்டல்: இதற்கு வேண்டியது 75 ஓம் கேபிள். வீட்டில் கிடக்கும் பழைய மஞ்சள் முனை வீடியோ கேபிளும் அதே வகைதான். இரண்டு மீட்டருக்குள் அது ஒழுங்காக வேலை செய்யும்.

யுஎஸ்பி: பிரிண்டருக்கு வருகிற மாதிரியான, ஒழுங்காகச் செய்த சாதாரணக் கேபிள் போதும். நீளம் குறைவாக இருப்பது நல்லது, யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் வரம்பு. எச்டிஎம்ஐயும் இப்படித்தான். போதாத கேபிளானால் திரையில் பொறி பறக்கும், படம் அணைந்து அணைந்து வரும். நிறம் மங்காது.

டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவே போகும் ஆர்சிஏ கேபிளில் கவனம் வையுங்கள். விலையைவிட நீளமும் இடமும் முக்கியம். ஒரு மீட்டர் போதுமென்றால் மூன்று மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஓடும் மின்சாரத்தைச் சுற்றி உள்ள காந்தப்புலம் பக்கத்துக் கம்பியிலும் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். விலக்க முடியாவிட்டால் இரண்டும் கூட்டல் குறி போலக் குறுக்காகக் கடக்கட்டும். ஒரு சாண் தள்ளி வைப்பதற்குச் செலவே இல்லை.

நீண்ட தூரம் போக வேண்டியிருந்து, இரண்டு கருவிகளிலும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் (மேடை மைக் கேபிளில் வரும் மூன்று பின் வகை) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதில் சிக்னல் ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் போகிறது. மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாது, இல்லையா? வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒட்டுவதால் கழித்தலில் போய்விடுகிறது. இதற்கு பேலன்ஸ்டு இணைப்பு என்று பெயர்.

ஸ்பீக்கர் ஒயரில் சிக்னல் பலமாக இருப்பதால் இரைச்சல் பயம் அநேகமாக இல்லை. பார்க்க வேண்டியது மின்தடை மட்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்கு, போக வர 10 மீட்டரில், சுமார் 0.12 ஓம் தடை தரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அதில் தடை கூடுதல், முனையும் சீக்கிரம் ஒடியும்.

தங்க முலாம் ஒலியைக் கூட்டாது, துருவைத் தடுக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் முனைகள் கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முலாம் இல்லாத முனைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிச் செருகினால் படிந்த கறை உரசிப் போகும்.

வேறு சில சத்தங்கள்

லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் கேபிளைத் தேடாதீர்கள். சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் யுஎஸ்பியின் உலோகம் வழியாக டேக்குக்குப் போகிறது. உலோக லேப்டாப்பைத் தொட்டால் விரலில் லேசாக விர்ரென்று இருப்பதும் அதே கசிவுதான். சார்ஜரைக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். யுஎஸ்பி ஐசோலேட்டர் என்ற சிறு கருவி அந்தத் தொடர்பை அறுக்கும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். அதன் அலை வளைவாக இல்லாமல் படிக்கட்டு போல நிற்பதால் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று மடங்குகள் நிறைய வரும். ஃபேன் உறுமுவதும் அதனால்தான். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

கேபிளில் கறுப்பாக ஒரு குண்டு இருக்குமே, அது ஃபெரைட். ரேடியோ அலை போன்ற மிக வேகமான இரைச்சலை வெப்பமாக்கிக் கரைக்கும். 50 ஹெர்ட்ஸ் முனகலை அது தொடக்கூடத் தொடாது. முனகலுக்காக ஃபெரைட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புளூடூத் ஹெட்போன் விட்டுவிட்டுக் கேட்டால் லேப்டாப்பில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்று 2012-ல் இன்டெல் நிறுவனமே விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை எதிர்ப்பக்கம் மாற்றுவதோ, புளூடூத் டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைப்பதோ போதும்.

அன்றிரவு அக்கா வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, எதையும் ஓடவிடாமல் அத்தான் வால்யூமை முழுக்க ஏற்றி ஸ்பீக்கரில் காதை வைத்தார். “இன்னும் ஸ்ஸ்னு லேசா வருதே மாப்ள?” வரும். ஆம்புக்குள் இருக்கும் உதிரிபாகங்களில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதால் எழும் சத்தம் அது. எல்லா ஆம்பிலும் உண்டு, எந்தக் கேபிளுக்கும் அடங்காது. வால்யூமைப் பாட்டுக் கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்காரச் சொன்னேன். அங்கிருந்து கேட்கவில்லை.